ஹோம் தியேட்டர் கணினிக்குப் புது பிராசஸர்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவியோடு இணைத்த கணினியில் 4கே படம் திக்கித் திக்கி ஓடினால், கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி) அதிகமுள்ள பிராசஸரைத் தேடிப் போகிறோம். பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான். படம் பார்ப்பதில் கோர்களுக்குப் பெரிய வேலை கிடையாது. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் கொடுக்க, கிராபிக்ஸ் பகுதிக்குள் அதற்கென்றே ஒரு டிகோடர் இருக்கிறது. படத்தின் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிய முறை, அதற்குத் தெரிந்திருந்தால் கோர்கள் சும்மா இருக்கும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் கோர்கள் தலையில் விழும். விசிறி இரையும், ஃபிரேம்கள் விடுபடும்.

ஓர் உதாரணம். 2014-இல் வந்த கோர் ஐ7-4790கே நான்கு கோர் கொண்டது, அந்தக் காலத்தில் உச்ச மாடல். 2017-இல் வந்த பென்டியம் ஜி4560-க்கு இரண்டே கோர். ஆனால் 4கே எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதல் வீச்சில் தெரியும்) படங்களில் வழக்கமாக இருக்கும் 10 பிட் ஹெச்இவிசி என்ற கோடெக்குக்கான டிகோடர் பென்டியத்தில்தான் இருக்கிறது. அந்தப் படங்களை அது சத்தமே இல்லாமல் ஓட்டிவிடும்.

ஆகவே எதை வாங்கலாம் என்பதற்கு முன், இப்போது எது திணறுகிறது என்று பாருங்கள். படம் ஓடும்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் வீடியோ டிகோட் வரைபடம் தெரியும். அது அசையாமல் கிடக்க, சிபியு மட்டும் எகிறினால் டிகோடர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். யூடியூபில் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' போட்டால் எந்தக் கோடெக் என்று காட்டும். பிளேயரிலோ பிரவுசரிலோ ஹார்டுவேர் அக்சலரேஷன் அணைந்து கிடப்பதும், கிராபிக்ஸ் டிரைவர் பழையதாக இருப்பதும் சகஜம். அப்படியென்றால் செலவே இல்லாமல் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிராசஸரைத்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியானால், தலைமுறையைப் பாருங்கள். இன்டெலில் 10 பிட் ஹெச்இவிசிக்கு முழுமையான டிகோடர் 7-ஆம் தலைமுறையில் வந்தது. இணைய வீடியோக்களில் பெருகிவரும் ஏவி1 கோடெக்குக்கு 11-ஆம் தலைமுறை வேண்டும். ஏஎம்டியில் கொஞ்சம் கவனம் தேவை. ரைசன் 5 5600ஜி நல்ல பிராசஸர்தான், ஆனால் அதன் கிராபிக்ஸ் பழைய வேகா வகை. ஏவி1 டிகோடர் கிடையாது. டெஸ்க்டாப் ரைசன் 7000 வரிசையின் உள் கிராபிக்ஸில் அது உண்டு.

இன்டெலில் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸே இல்லை. விலை குறைவு என்று அதை வாங்கி, தனி கார்டு இல்லாத கணினியில் போட்டால் டிவியில் படமே வராது. ரைசன் 5000 வரிசையிலும் 'ஜி' இல்லாத டெஸ்க்டாப் மாடல்கள் அப்படித்தான்.

புதிதாக இருந்தால் எல்லாம் ஓடும் என்று நம்புவது இன்னொரு தவறு. 4கே புளூரே டிஸ்க்கைக் கணினியில் முறைப்படி ஓட்டும் மென்பொருளுக்கு இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 11-ஆம் தலைமுறையிலிருந்து டெஸ்க்டாப் கோர் பிராசஸர்களில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. டிஸ்க் சேகரிப்பு உள்ளவர்கள், இப்போது ஓடுகிற பழைய கணினியைக் கலைக்குமுன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இந்த விஷயம் விளம்பரத்தில் வராது, வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

அப்புறம் எச்டிஎம்ஐ. பழைய மதர்போர்டுகள் பலவற்றில் 1.4 போர்ட்தான் இருக்கும். அதில் 4கே விநாடிக்கு 30 ஃபிரேமைத் தாண்டாது. 24 ஃபிரேம் சினிமா ஓடும், ஆனால் 60 ஃபிரேம் விளையாட்டு ஒளிபரப்பு ஓடாது, எச்டிஆரும் கிடைக்காது. பிராசஸரை மாற்றினாலும் போர்ட் மாறாது. நடுவில் ஏவி ரிசீவர் இருந்தால் அதன் போர்ட்டையும் பாருங்கள்.

இத்தகைய நிலையில் பிராசஸரை விட்டுவிட்டு ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு போடுவதே புத்திசாலித்தனம் என்பேன். டிகோடர், போர்ட் இரண்டும் ஒரே செலவில் முடிந்துவிடும். என்விடியாவின் ஜிடி 1030 ஹெச்இவிசி 10 பிட்டைத் தாங்கும், ஏவி1 தெரியாது. ரேடியான் ஆர்எக்ஸ் 6400 அதைவிடப் புதிது, ஆனால் அந்த வரிசையின் பெரிய கார்டுகளில் உள்ள ஏவி1 டிகோடர் இதில் இல்லை. இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 இரண்டிலும் இருக்கிறது. ஒல்லியான கேபினெட் என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கேபினெட் பற்றிப் பேசும்போது சூட்டையும் சொல்ல வேண்டும். ஐ7-12700-இன் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். முழு வேகத்தில் அது 180 வாட் வரை இழுக்கலாம். உயரம் குறைந்த கூலரால் அதைச் சமாளிக்க முடியாது. அமைதியான காட்சியில் விசிறி இரைந்தால் படம் பார்க்கும் சுகமே போய்விடும். அதற்காக 35 வாட் 'டி' மாடலுக்கு அலைய வேண்டாம். டிகோடர் வேலை செய்யும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம்தான் எடுக்கும், வித்தியாசம் முழுச் சுமையில்தான். பல போர்டுகளின் பயாஸிலேயே (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மின் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். அதில் பொருந்துகிறது என்பதால் ஓடும் என்று சொல்ல முடியாது. 6, 7-ஆம் தலைமுறையும் 8, 9-ஆம் தலைமுறையும் எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயர் கொண்டவை, ஆனால் பின்னவற்றுக்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். போர்டு தயாரிப்பாளரின் பிராசஸர் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் எண் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் இது ரொம்ப முக்கியம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.