வயதானவர்களுக்கு மரத்துப்போகும் க்ரீம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்கு 78 வயது. முன்கையில் இருந்த மருவை எடுக்க அழைத்துப் போயிருந்தேன். மருவைச் சுட்டு எடுத்தபோது அவர் முகம் சுளிக்கவே இல்லை. அதற்கு முன்பு, க்ரீமின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உதவியாளர் ஒரே இழுப்பில் உரித்தார் பாருங்கள், அப்போதுதான் துடித்துப்போனார். வெங்காயச் சருகு மாதிரி தோலும் கூடவே வந்துவிட்டது. மரு இருந்த இடம் சீக்கிரம் ஆறிவிட்டது. பிளாஸ்டர் கிழித்த இடம் ஆற ஒரு மாதம் ஆனது.

அதனால் பிளாஸ்டரைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். வயதான தோல் மெலிந்து, அடியில் பிடிப்பில்லாமல் இருக்கும். ஒட்டாத படலத்தை வைத்து மேலே துணிக்கட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்டர்தான் என்றால், ஈரப் பஞ்சால் நனைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரிக்க வேண்டும். மேல்நோக்கி இழுக்கவே கூடாது.

அடுத்தது அவசரம். பெரும்பாலும் போடுவது லிடோகெய்ன் 2.5%, பிரைலோகெய்ன் 2.5% கலந்த க்ரீம். இதை முகப்பூச்சு மாதிரி தேய்த்துவிட்டால் பயனில்லை. தடிமனாக வைத்து மூட வேண்டும். நல்ல தோலில் குறைந்தது 1 மணி நேரம் ஆக வேண்டும். அப்போதும் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் மரக்கும். அழுத்துவதும் இழுப்பதும் தெரியும். இதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

காலில் ஆறாத புண்ணைச் சுத்தம் செய்யும்போது கணக்கே வேறு. அங்கே தோல் இல்லாததால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும். அரை மணி முதல் 1 மணி நேரம் போதும், அளவும் 10 கிராமைத் தாண்டக் கூடாது. எக்ஸிமா உள்ள தோலிலும் இதே கவனம் வேண்டும்.

அப்புறம், மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மெக்ஸிலெட்டின் சாப்பிடுகிறார்களா? டாப்சோன், சல்ஃபா மருந்துகள் உண்டா? சொல்லியே ஆக வேண்டும். க்ரீமில் உள்ள பிரைலோகெய்ன், டாப்சோன், சல்ஃபா மருந்துகளோடு சேரும்போது சிலருக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடு நீலம் பாரிக்கும். அப்படி ஆனாலோ, தலைசுற்றல், காதில் இரைச்சல் வந்தாலோ, க்ரீமைத் துடைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மறதி நோய் உள்ளவர்களைத் தனியே உட்கார வைக்காதீர்கள். க்ரீம் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழி புண்ணாகும். மரத்திருப்பதால் உறுத்தலும் தெரியாது.

மிச்சமான க்ரீமை மூட்டுவலிக்குத் தடவி மேலே வெந்நீர்ப் பை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், தோல் வெந்தாலும் தெரியாது. துடைத்த பிறகும் ஓரிரு மணி நேரம் மரப்பு இருக்கும். அன்று அப்பா குளிக்கப் போனபோது, மற்றக் கையால்தான் தண்ணீரில் சூடு பார்க்கச் சொன்னேன்.