சளி கேட்டால் எச்சில் கொடுக்காதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது பென்னாகரம், அரூர் பக்கம் இன்று பலருக்கும் தெரிந்ததுதான். சளி பிடிக்கும் டப்பாவைக் கையில் வாங்கிய பிறகுதான் கோளாறு தொடங்குகிறது. தொண்டையைச் செருமி, வாயில் ஊறியதைத் துப்பி மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். நுரையீரல் காசநோயைக் கண்டறியத் தேவை நெஞ்சின் அடியிலிருந்து வரும் சளி. மைக்ராஸ்கோப்பில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 வரையாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளுக்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தாலே போதும். ஆனால் வெறும் நுரைத்த எச்சிலை வைத்துக்கொண்டு அவைதான் என்ன செய்யும்? ‘கிருமி இல்லை’ என்ற சீட்டோடு நோயாளி வீடு திரும்புவார், நோயும் கூடவே போகும்.

பழியை நோயாளி மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. “துப்பிக் கொண்டு வாருங்கள்” என்று டப்பாவை நீட்டினால் எச்சில்தான் வரும். வெற்றிலை, புகையிலை போட்ட வாயைப் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, வயிறு உள்வாங்க இருமினால் கெட்டியான சளி வரும். அரை டீஸ்பூன் அளவாவது தேவை.

பூட்டிய கழிவறையிலோ பிள்ளைகள் இருக்கும் அறையிலோ இருமக் கூடாது. ஆளில்லாத திறந்தவெளிதான் சரி.

காலை மாதிரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவெல்லாம் நெஞ்சில் சேர்ந்த சளி அது. களியோ காபியோ உள்ளே போகுமுன் எடுக்க வேண்டும். பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில் எழுத வேண்டும்; மேசையில் நாலு மூடிகளைத் திறந்து வைத்தால் எது யாருடையது? தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் டப்பாவை வெயிலில் காயவிடாமல் அன்றே சேர்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட மோசமானது, இருமலுக்கு மருந்துக்கடையில் லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டுச் சளி கொடுப்பது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோய் தீராது, பரிசோதனை மட்டும் ஏமாற்றும்.

சளியே வராதவர்களுக்கு உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து வரவழைக்கலாம். அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். சிறு குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு விடியற்காலை வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்தோ, மலத்தைக் கொண்டோ சோதிக்க வழி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.