பூஸ்ட் கட்டுப்பாடு: மடிக்கணினிக்கு முன்னால் பானெட்டைத் திறங்கள்

டர்போ காரில் பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் அமைப்பைப் பொருத்துகிறவர்களில் பலர் முதலில் மடிக்கணினியைத்தான் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது பானெட்டை. பூஸ்ட் எகிறுகிறது, ஏறவே மறுக்கிறது, அலைபாய்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி ஹோஸிலும் ஸ்பிரிங்கிலும் தொடங்குகிறது. அதைத் திரையில் எண்களை மாற்றித் தீர்க்கப் பார்ப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

டர்போவைச் சுழற்றும் சக்கரம் டர்பைன். எரிந்த வாயுவில் ஒரு பகுதியை அதன்மேல் படாமல் வெளியே விடும் கதவு வேஸ்ட்கேட், காற்றழுத்தத்தால் அதைத் தள்ளித் திறப்பது ஆக்சுவேட்டர், அதற்கு எதிராக மூடிப் பிடிப்பது ஸ்பிரிங். சோலினாய்டு என்ற மின்காந்த வால்வு பூஸ்டை உருவாக்குவதில்லை. வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போக வேண்டிய காற்றழுத்தத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். ஆக்சுவேட்டருக்குக் குறைவான அழுத்தம் போய்ச் சேருவதால் வேஸ்ட்கேட் மூடியே இருக்கிறது, எரிந்த வாயு முழுவதும் டர்பைன் வழியாகப் போகிறது, பூஸ்ட் ஏறுகிறது. ஆக, ஆக்சுவேட்டரில் உள்ள ஸ்பிரிங்தான் தரைமட்டம். 0.7 பார் ஸ்பிரிங் போட்டுவிட்டு, மழை நாளுக்கு 0.4 பார் வேண்டும் என்று எந்த மென்பொருளிடம் கேட்டாலும் கிடைக்காது. எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. 0.5 பார் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு 1.5 பார் எதிர்பார்ப்பவர்கள், எக்சாஸ்ட் பக்கத்து அழுத்தமே வேஸ்ட்கேட் வால்வைத் தள்ளித் திறந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை நிம்மதியாகக் கட்டுப்படுத்தலாம் என்பது இத்துறையில் புழங்கும் பொதுக் கணக்கு.

எனவே முதல் ஓட்டத்தைச் சோலினாய்டின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்திலேயே பூஸ்ட் நிலையாக நிற்க வேண்டும். நிற்காமல், ஆர்பிஎம் கூடக் கூடத் தானாக ஊர்ந்து ஏறினால் வேஸ்ட்கேட்டின் வாய் சிறிது, அல்லது வாயு அதை நோக்கித் திரும்பும் வழி சரியில்லை என்று பொருள். முழுவதும் திறந்த கதவை மேலும் திறக்க எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியாலும் முடியாது. வேஸ்ட்கேட்டைப் பெரிதாக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்தது குழாய் இணைப்பு. மிக மோசமான விபத்துகள் இங்கேதான் பிறக்கின்றன. மூன்று துளைச் சோலினாய்டில் துளைகளின் எண்களை நம்பி மாட்டாதீர்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அவை மாறும். வால்வைக் கையில் எடுத்து, ஒரு துண்டு ஹோஸை மாட்டி, வாயால் ஊதிப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது எந்த இரண்டு துளைகளுக்கு இடையே காற்று போகிறதோ, அவற்றில் ஒன்று பூஸ்ட் வரும் ஹோஸுக்கும் மற்றது ஆக்சுவேட்டருக்கும் உரியவை. 12 வோல்ட் கொடுத்ததும் ‘டக்’கென்று ஒலி கேட்கும், இப்போது ஆக்சுவேட்டர் பக்கத்துத் துளை மூன்றாவது துளையோடு, அதாவது வெளிக்காற்றோடு, இணைய வேண்டும். இப்படி மாட்டினால் கம்பி அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் பூஸ்ட் ஸ்பிரிங் அழுத்தத்துக்கு இறங்கிவிடும். மாற்றி மாட்டினால், மின்சாரம் போன கணத்தில் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. ஆக்சுவேட்டரின் இரு பக்கமும் அழுத்தம் செலுத்தும் நான்கு துளை வால்வுக்கு இணைப்பு வேறு. அதற்கும் இந்த ஊதிப் பார்க்கும் சோதனையே துணை.

பூஸ்ட் எடுக்கும் இடத்திலும் கவனம் தேவை. த்ராட்டில் என்ற காற்றுக் கதவுக்குப் பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுப்பது எளிதாகத் தெரியும், செய்யாதீர்கள். பாதி த்ராட்டிலில் மேனிஃபோல்டு அழுத்தம் குறைவாகவும் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் வெளிவாயில் அழுத்தம் அதிகமாகவும் இருக்கும். ஆக்சுவேட்டருக்கு அந்தக் குறைந்த அழுத்தம் மட்டுமே தெரிவதால் வேஸ்ட்கேட் மூடிக் கிடக்கும், டர்போ தேவையில்லாமல் வேகமெடுத்துச் சுழலும். கம்ப்ரஸர் வெளிவாயிலிருந்தே எடுங்கள். ஹோஸ் குட்டையாக இருக்கட்டும், ஒவ்வொரு முனையிலும் கிளிப் இருக்கட்டும், ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரோ வேறெதுவோ அதில் பங்கு கேட்க வேண்டாம். பழைய இரண்டு துளை அமைப்பில் ஹோஸுக்குள் ஒரு சிறிய பித்தளைக் கட்டுப்பாட்டுத் துண்டு இருந்திருக்கலாம். மூன்று துளை வால்வுக்கு மாறும்போது அதை எடுக்காமல் விட்டால் ஆக்சுவேட்டர் மெதுவாக நிரம்பும், பூஸ்ட் இலக்கைத் தாண்டி எகிறும். இதைத் தேடிப் பல நாள் தவிப்பவர்கள் உண்டு. வால்வை டர்போவின் வெப்பத்திலிருந்து தள்ளி வையுங்கள். வெளிக்காற்றுத் துளைக்கு ஒரு சிறு ஃபில்டர் போடுங்கள்.

மின் பக்கத்தில் பொதுவாகச் சாவியோடு வரும் 12 வோல்ட் ஒரு முனைக்கும், எஞ்சினின் கணினியான ஈசியு மறுமுனைக்கும் போகும். ஈசியு எர்த்தை விட்டுவிட்டு இணைக்கிறது. மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் இணைந்திருக்கிறது என்பதே டியூட்டி. இங்கே யாரும் எதிர்பாராத தவறு, வெளியீடு தலைகீழாக அமைவது. திரையில் 20 சதவீதம் என்று காட்டும், வால்வோ 80 சதவீதத்தில் இயங்கும். எஞ்சினை இயக்காமல், சாவியை மட்டும் போட்டு, சோதனை வெளியீட்டில் 0 சதவீதமும் 100 சதவீதமும் கொடுத்து, மறுபடியும் ஊதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, எஞ்சினைக் காப்பாற்றும். வால்வு ஒரு நொடியில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்ற அதிர்வெண், பெரும்பாலான மூன்று துளை வால்வுகளுக்கு 20 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் பொருந்தும். மிக அதிகமாக வைத்தால் வால்வுக்குள் இருக்கும் தண்டு முழுதாக நகர நேரம் கிடைக்காது. மிகக் குறைத்தால் ஆக்சுவேட்டர் துடிக்கும், பூஸ்ட் முள்ளும் கூடவே ஆடும்.

அழுத்தத்தைக் குறிக்கும் முறையில் குழம்புகிறவர்களும் நிறைய. கடல்மட்டத்தில் 1 பார் பூஸ்ட் என்பது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தக் கணக்கில் ஏறத்தாழ 200 கிலோபாஸ்கல். ஈசியு அட்டவணையின் ஒரு கட்டத்தில் பூஸ்டும் இன்னொரு கட்டத்தில் முழு அழுத்தமுமாக இலக்கை நிரப்பினால் ஒரு பார் பிசகும். 2.5 பார் சென்சார் என்பது 1.5 பார் பூஸ்ட் வரைதான் பார்க்கும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், பாதுகாப்பு வெட்டும் தூங்கிவிடும். அந்த வெட்டை, அதாவது பூஸ்ட் மீறினால் எரிபொருளை நிறுத்தும் வரம்பை, முதல் ஓட்டத்துக்கு முன்பே வையுங்கள். இலக்குக்கு 0.2 பார் மேலே இருந்தால் போதும். அதை வைத்தால் மட்டும் போதாது. ஒருமுறை வேண்டுமென்றே ஸ்பிரிங் அழுத்தத்துக்கும் கீழே இறக்கி, உண்மையிலேயே வெட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போதுதான் டியூனிங். காரை உருளைகளின்மேல் ஓட்டி அளக்கும் டைனோவிலோ மூடிய தடத்திலோ செய்யுங்கள், பொதுச்சாலையில் வேண்டாம். இங்கே பெரிய தவறு, இலக்குக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது பிழையை, பார்த்து டியூட்டியைத் தானாகத் திருத்தும் பிஐடி கட்டுப்பாட்டை நேராக இயக்கிவிடுவது. முதலில் அதை அணைத்துவிட்டு, நிலையான டியூட்டியில் ஓட்டுங்கள். 0, பிறகு 10, அதற்கு மேல் ஐந்தைந்தாக. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பூஸ்ட் வந்தது என்று குறித்துவையுங்கள். தொடக்கச் சதவீதங்களில் பூஸ்ட் அசையாது. நடுப்பகுதியில் சட்டென்று தாவும். கடைசியில் மறுபடியும் அசையாது. இந்த அட்டவணைதான் அடித்தளம். பிஐடி அதன்மேல் சிறு திருத்தங்களைச் செய்ய மட்டுமே.

பிஐடியிலும் ‘ஐ’ என்ற பகுதிதான் அதிகம் சிக்க வைக்கிறது. 2,000 ஆர்பிஎம்மில் த்ராட்டிலை முழுதாக மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 1.2 பார், இருப்பது 0.2. டர்போ வேகம் பிடிக்கும் அந்த இடைவெளியில் ‘ஐ’ பிழையைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போகும். பூஸ்ட் 1.2ஐத் தொடும்போது டியூட்டி எங்கோ உச்சத்தில் இருக்கும். அது கரைந்து இறங்குவதற்குள் 1.5ஐத் தாண்டிவிடும். பதிவுக் கோப்பில் பூஸ்ட் கோடு இலக்கைத் தொடும் இடத்தில் டியூட்டி கோடு இன்னும் மேலேயே இருந்தால் நோய் இதுதான். இலக்குக்கு 0.2 பார் அருகில் வந்த பிறகே ‘ஐ’ இயங்கும்படி வையுங்கள். பல ஈசியுக்களில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு.

மூன்றாம் கியரில் அழகாக அமைந்தது எல்லாக் கியருக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். கீழ்க் கியர்களில் எஞ்சின் வேகம் சட்டென்று ஏறிவிடும், மேல் கியர்களில் டர்போவுக்கு நேரம் கிடைக்கும். அதேபோல், உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சற்று இறங்கினால் டியூட்டியை 100 வரை ஏற்றிப் பிடித்திழுக்காதீர்கள். டர்போ தன் திறனின் விளிம்புக்கு வந்துவிட்டது. இனி அது காற்றைவிட வெப்பத்தைத்தான் அதிகம் தள்ளும், இன்டேக் வெப்பநிலையே அதைச் சொல்லிவிடும். ஆனால் ஒரு ஹோஸ் கசிந்தாலும் இதே அறிகுறி தெரியும். ஆகவே கசிவுச் சோதனை முன்னால் நடக்கட்டும்.

பூஸ்ட் ஏறும் ஒவ்வொரு படியிலும் எரிபொருளும் பற்றவைப்பு நேரமும் கூடவே வர வேண்டும். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் டியூட்டி 85 சதவீதத்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங் கேட்டால் பூஸ்டைக் குறையுங்கள். 1980களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் தன் டர்போ கார்களில் கொண்டுவந்த ஏபிசி (APC) அமைப்பும் இதைத்தான் செய்தது: நாக்கிங்கை ஒரு சென்சார் கேட்கும், உடனே சோலினாய்டு வழியாகப் பூஸ்டை இறக்கும்.

மலை ஏறும்போது இந்தக் கணக்கு மறுபடியும் மாறும். 2,000 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல். இலக்கு 200 கிலோபாஸ்கல் முழு அழுத்தம் என்று இருந்தால், கீழே காற்றை இரண்டு மடங்கு அழுத்திய டர்போ மேலே இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். ஈசியுவில் வளிமண்டல அழுத்தத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உயரம் கூடக் கூட இலக்கு இறங்கும்படி நிரப்புங்கள், இல்லையென்றால் மலைப்பாதைக்கென்று குறைந்த இலக்கோடு தனி அமைப்பு ஒன்றைச் சேமித்து வையுங்கள்.