நெஞ்சை எழ விடுங்கள்: சிபிஆரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயம் நின்றவரின் நெஞ்சைக் கையால் அழுத்தி இரத்தத்தை ஓட வைக்கும் உயிர்காப்பு முறைதான் சிபிஆர். அதற்கான சென்ற வாரப் பயிற்சி வகுப்பில் பொம்மையின் முன் மண்டியிட்ட 12 பேரில் 8 பேர், நான் செவிலியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் செய்த அதே தவற்றைச் செய்தார்கள். கையை எங்கே வைப்பது, முழங்கையை மடக்கக் கூடாது என்பதெல்லாம் முதல் 10 நிமிடத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழுத்திய பாரத்தை எடுக்காமல் இருப்பது

பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும் என்றால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறார்கள். ஆனால், நெஞ்சு மேலெழும் நேரத்தில் தங்கள் எடையை அதன்மேலேயே இருத்திக்கொள்கிறார்கள். நெஞ்செலும்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. வியர்த்து விறுவிறுக்கச் செய்யும் உழைப்பு வீணாவதைப் பார்க்க இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அழுத்தும்போது இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறுகிறது. நெஞ்சு முழுதாக எழும்போதுதான் உள்ளழுத்தம் குறைந்து, சிரைகளிலிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. இதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் கொரோனரி நாளங்களிலும் பெரும்பாலும் அந்த வேளையில்தான் இரத்தம் ஓடுகிறது. அடிபம்பின் கைப்பிடியைப் பாதி மட்டும் தூக்கி அடித்துப் பாருங்கள், எவ்வளவு தண்ணீர் வருகிறதென்று தெரியும்.

ஓர் இரவுப் பணியில் ஒரு முதியவருக்கு நான் அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர், “கை தோலில் இருக்கட்டும் அம்மா, உன் பாரம் இருக்கக் கூடாது” என்றார். இவ்வளவு பாடுபடுகிறேனே என்று எனக்குக் கோபம் வந்தது. முதியவர் பிழைக்கவில்லை. என் கை சரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. சில மாதங்கள் கழித்து, அழுத்தத்தின் ஆழத்தைத் திரையில் காட்டும் பொம்மையில் பழகியபோது, என் கோடு ஒருமுறைகூட அழுத்தமே இல்லாத தொடக்க நிலைக்குத் திரும்பவில்லை. அன்றுதான் அவர் சொன்னது புரிந்தது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டிலின் உயரம். தோள் கைக்கு நேர்மேலே வராதபோது உடல் தானாகச் சாய்கிறது. படி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நில்லுங்கள். இன்னொரு காரணம் களைப்பு. நமக்குக் களைப்பு தெரிவதற்கு முன்பே அழுத்தத்தின் தரம் இறங்கிவிடும். அதனால், “எனக்கு ஒன்றுமில்லை, நானே தொடர்கிறேன்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். எடையை எடுக்கிறேன் என்று உள்ளங்கையைத் தூக்கித் தூக்கி அடிப்பதும் தவறு. கை இடம் மாறிவிடும்.

அவசர வேகம்

நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. 140க்குப் போனால் ஆழமும் குறையும், நெஞ்சு எழ நேரமும் இருக்காது.

மெத்தைமேல் அழுத்துவது

அழுத்தத்தில் ஒரு பங்கு மெத்தைக்குள் போகும். வீட்டில் என்றால் தரையில் இறக்குங்கள். வார்டில் என்றால் முதுகுக்கு அடியில் பலகை வையுங்கள்.

நாடியைத் தேடிக்கொண்டே நிற்பது

10 விநாடி. அதற்கு மேல் வேண்டாம்.

விலா முறியுமோ என்ற பயம்

முறியலாம். நிறுத்தாதீர்கள்.

ஷாக் (இதயத்துடிப்பை மீட்கும் மின்னதிர்ச்சி) கொடுத்ததும் திரையைப் பார்ப்பது

எல்லாருடைய கண்ணும் இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டருக்குப் போகும், அழுத்த வேண்டியவர் கைகட்டி நிற்பார். ஷாக் போன அடுத்த நொடியே கை நெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். திரையை 2 நிமிடம் கழித்துப் பார்க்கலாம்.