பெயர் வராத வேலையைக் கேட்டு வாங்குங்கள்

வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவானாலும் சரி, புதுச்சேரியில் உங்கள் பங்குக் கோயில் விருந்தானாலும் சரி, சாம்பார் வாளியைத் தூக்க ஆள் குவிந்துவிடும். புகைப்படத்தில் விழும் வேலை அது. சாப்பிட்ட இலைகளை அள்ளவும், அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்கவும்தான் ஆள் கிடைக்காது. யாரும் கூப்பிடும்வரை காத்திராமல் அங்கே போய் நில்லுங்கள்.

கடைசி இராவுணவில் இயேசு எடுத்துக்கொண்டதும் இப்படிப்பட்ட வேலைதான் (யோவான் 13). பணியாள் செய்யவேண்டியதை, அதாவது சீடர்களின் பாதம் கழுவுவதை, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே செய்தார். அதன் நினைவாக, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கோயிலில் 12 பேரின் பாதம் கழுவப்படுவதை உருகிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் பைக்கை எடுக்கச் சண்டை போடுகிறோமே, அது தனிக் கதை!

நன்கொடை கொடுத்தால் ரசீதில் 'ஒரு விசுவாசி' என்று எழுதச் சொல்லுங்கள். தர்மத்தை மறைவாகச் செய் என்று மத்தேயு 6 சொல்லும் வழி அது. ஆனால், 'எனக்கு விளம்பரம் பிடிக்காது' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தால், அதுவும் விளம்பரம்தான். அண்டா தேய்த்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

மாற்றுச் சட்டை ஒன்று கொண்டுபோங்கள். அண்டாக் கரி லேசில் போகாது.