சென்னை–லண்டன் விமானம்: நேரக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் சுமார் 8,230 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும், வகுத்தால் ஒன்பது மணி நேரம் சொச்சம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் நேரடி விமானத்துக்கே ஏறத்தாழ பத்தரை முதல் பதினொன்றரை மணி நேரம் பிடிக்கும்.

8,230 என்பது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய பாதை. அது பாகிஸ்தானின் சிந்து மாகாணம், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் வழியாகப் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. அதனால் சுற்றித்தான் போயாக வேண்டும். மேற்கே போகையில் எதிர்க்காற்று வேறு. டிக்கெட்டில் போடும் நேரமோ விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஹீத்ரோவில் இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடிப்பதும் அதில் அடக்கம். திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பொதுவாக ஒரு மணி நேரம்வரை மிச்சமாகும்.

தூரத்தைத் தேடினால் 5,115 என்றும் 4,445 என்றும்கூட வரும். முன்னது மைல், பின்னது கடல் மைல். எண்ணைப் பார்த்ததும் அலகையும் பாருங்கள்.

அதிகம் பேர் விழும் குழி உள்ளூர் நேரம். காலை 5.30க்குப் புறப்பாடு, பகல் 11.15க்கு வருகை என்று டிக்கெட்டில் இருந்தால் அது ஐந்தே முக்கால் மணி நேரப் பயணம் அல்ல. லண்டன் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் பயணம் 11 மணி 15 நிமிடம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போது நாலரையைத்தான் கூட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பி, அழைத்துப்போக வண்டி சொல்லிவிடாதீர்கள்.

நள்ளிரவு விமானங்களில் தேதியே மாறிப்போகிறது. 15ஆம் தேதி 00.30 என்றால், 14ஆம் தேதி இரவு ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15 இரவு கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

துபாய் வழியாகப் போனால் ரொம்பச் சுற்று என்று நினைப்பதும் சரியல்ல. சென்னை–துபாய் சுமார் 2,900 கி.மீ., அங்கிருந்து ஹீத்ரோ சுமார் 5,500. கூடுதல் தூரம் இருநூறு கி.மீ. அளவுதான். நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பது. மலிவு டிக்கெட் எடுக்கும்போது விலைக்குப் பக்கத்தில் இருக்கும் மொத்தப் பயண நேரத்தையும் படியுங்கள்.

லண்டனில் இறங்கி வேறு ஊருக்கு மாறுபவர்கள் விமான நிலையத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எல்லாமே டிக்கெட்டில் லண்டன்தான். ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குக்குச் சாலை வழியே பொதுவாக ஒரு மணி நேரம் அளவில் ஆகும். குடிவரவுச் சோதனை முடித்து வெளியே வர வேண்டியிருப்பதால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெரும்பாலும் விசாவும் தேவைப்படும். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் நஷ்டம் உங்களுடையதுதான். நடுவே ஐந்தாறு மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்யுங்கள்.