பழைய படகு வாங்கப் போகிறீர்களா? சர்வே செய்வது எப்படி

பார்த்த படகு பிடித்துவிட்டது, விலையும் ஓரளவு பேசியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பணம் கைமாறுவதற்கு முன் ஒரு மரைன் சர்வேயரை, அதாவது படகின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தரும் நிபுணரை, வைத்துப் படகைச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைதான் சர்வே. படகின் பெரிய கோளாறுகள் பெயின்ட்டுக்கு உள்ளேயும் தரைப்பலகைக்கு அடியிலும் தண்ணீருக்குக் கீழேயும்தான் இருக்கும். பழகாத கண்ணுக்கு அவை தெரியாது.

என்னென்ன வேலை, எந்த வரிசையில் என்று சொல்கிறேன். வரிசை மாறினால் சர்வேக்குச் செலவழித்த பணம் வீண். சர்வே முடிந்த பிறகு "இந்தப் படகு வேண்டாம்" என்று சொல்லும் வழி உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும், எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: முதலில் நீங்களே பாருங்கள்

மேல்தளம் முழுவதும் அழுத்தி நடந்து பாருங்கள். கால் வைத்த இடம் அமுங்கினால் சந்தேகப்படுங்கள். ஜன்னல் ஓரங்களில் தண்ணீர்க் கறை இருக்கிறதா, தரைப்பலகையைத் தூக்கினால் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க வலது ஓரத்தில் ஹல் (படகின் வெளியுடல்) அடையாள எண் இருக்கும். மிகப் பழைய படகில் அது இல்லாமலும் போகலாம். இருந்தால், பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். உரிமையாளர் யார், படகின் மேல் கடன் இருக்கிறதா என்பதையெல்லாம் சர்வேயர் பார்க்க மாட்டார். அது உங்கள் வேலை.

படி 2: நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்

முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, சர்வேயும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்பது. இன்னொன்று, இல்லையென்றால் முன்பணம் திரும்பி வரும் என்பது. எந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தைப் பார்க்கப் படகைக் கரையேற்றும் செலவு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும், அதையும் பேசிவிடுங்கள். கரையேற்றவே கூடாது என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், என்னைக் கேட்டால் அந்தப் படகை விட்டுவிடலாம்.

படி 3: சர்வேயரை நீங்களே தேடுங்கள்

விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆளை வைக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்காக மட்டும் பேசும் ஒருவர்தான் இங்கே தேவை. பல நாடுகளில் இந்த வேலைக்கு அரசு உரிமம் கட்டாயமில்லை, யார் வேண்டுமானாலும் சர்வேயர் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். அதனால் தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். அமெரிக்காவில் எஸ்ஏஎம்எஸ் (SAMS), என்ஏஎம்எஸ் (NAMS) என்ற சர்வேயர் சங்கங்கள் உண்டு. ஐஐஎம்எஸ் (IIMS) என்ற சர்வதேசச் சங்கம் பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்டது.

அப்புறம், அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை மாதிரிக்குக் கேளுங்கள். தொழில்முறைக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஃபைபர் கிளாஸில் கெட்டிக்காரர் மரப் படகிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. உங்கள் படகு எதனால் ஆனதோ அதில் அனுபவம் உள்ளவரைப் பிடியுங்கள். கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்தைப் பொறுத்தது.

"போன வருஷம் எடுத்த அறிக்கையே இருக்கிறது" என்று விற்பவர் நீட்டினால் வாங்கிப் படியுங்கள். ஆனால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸுக்காக எடுக்கும் சர்வே சுருக்கமானது. வாங்குவதற்கு முன் எடுக்கும் முழு சர்வேதான் உங்களுக்கு வேண்டும்.

படி 4: சர்வே நாளில் கூடவே இருங்கள்

இதைத் தவறவிடவே விடாதீர்கள். அறிக்கையில் ஒரு வரியாக வருவதைச் சர்வேயர் நேரில் விரல் வைத்துக் காட்டுவார்.

படகைக் கரையேற்றியதும் சின்னச் சுத்தியலால் அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டே போவார். பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். மேல்தளத்தையும் இப்படித் தட்டுவார். பல படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும்.

அடுத்து ஈரப்பத மீட்டர். தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த படகில் அளவு கூடுதலாகவே காட்டும். செம்பு கலந்த பெயின்ட்டும் உள்ளே இருக்கும் உலோகத் தொட்டியும்கூட அளவைக் குழப்பும். எண்ணைப் பார்த்து உடனே பதறாமல், சர்வேயர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று கேளுங்கள்.

ஃபைபர் கிளாஸ் படகின் அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் அது ஆஸ்மாஸிஸாக இருக்கலாம். மேல்பூச்சு வழியாகக் கசிந்த தண்ணீர், ஃபைபரைப் பிணைக்கும் ரெசினில் உள்ள சில பொருட்களைக் கரைத்து அமிலநீராகி, அழுத்தம் கூடிப் பூச்சைத் தூக்கும். குத்தினால் வினிகர் வாடை வரும். நாலைந்து கொப்புளத்துக்காக நல்ல படகை ஒதுக்க வேண்டியதில்லை. அடுக்கே பிரிந்திருந்தால் கதை வேறு.

உலோகப் பாகங்களில்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் படகு மூழ்குவது இங்கேதான் தொடங்கலாம். ஹல்லைத் துளைத்து வரும் ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டால், மிஞ்சுவது இளஞ்சிவப்பான, உறுதியில்லாத செம்பு. புரொப்பல்லரிலும் அந்த நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தானே அரிபட்டு மற்ற உலோகங்களைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள் எவ்வளவு மிச்சம் என்றும் கேளுங்கள். இரும்புப் படகு என்றால் தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளப்பது அவசியம்.

சுக்கானையும் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டையும் சர்வேயர் ஆட்டிப் பார்ப்பார். சமையல் எரிவாயு இணைப்பைக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும்.

எதையும் உடைத்தோ கழற்றியோ அவர் பார்க்க மாட்டார். படகு இன்னும் உங்களுடையது இல்லையே. பார்க்க முடியாத இடங்கள் எவை என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

படி 5: கடலில் ஓட்டிப் பாருங்கள்

இன்ஜின் ஆறிய நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது தெரியாமல் போய்விடும். முழு வேகத்தில், தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) வருகிறதா? நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை எரிபொருள் சரியாக எரியாததையோ இன்ஜின் மேல் சுமை கூடியதையோ காட்டும். பெரிய டீசல் இன்ஜின் என்றால் தனியாக ஒரு மெக்கானிக்கை வைத்து, எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். பெரும்பாலான சர்வேயர்கள் இன்ஜினுக்குள் போவதில்லை.

படி 6: அறிக்கை வந்த பிறகு

குறைகளின் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில் இறக்கும் முன் கட்டாயம் சரிசெய்ய வேண்டியவை, சீக்கிரம் செய்ய வேண்டியவை, நிதானமாகச் செய்யலாம் என்பவை. முதல் இரண்டுக்கும் பழுதுபார்ப்பவரிடம் செலவுக் கணக்கு வாங்கி, அதை வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். சரி என்றால் சரி. இல்லையென்றால், ஒப்பந்தத்தில் எழுதிய தேதிக்கு முன்பே வேண்டாம் என்று எழுத்தில் அனுப்பி முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் அறிக்கையின் நகலை இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கலாம். கட்டாயம் என்று சர்வேயர் குறித்தவற்றைச் சரிசெய்ததற்கு ஆதாரமும் கேட்கலாம். அதனால் பழுதுபார்த்த பில்களை அறிக்கையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.